தூங்க ஒரு குளம், தின்ன ஒரு ஏரி

கூழைக்கடாவின் கூட்டைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அதன் இரையைக் காக்க இரண்டு மாநிலங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.

திருப்பதி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் அநேகமாக எல்லோருமே மலையைப் பார்த்துத்தான் திரும்புகிறார்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மட்டும் ஒரு சிலர் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு வேறு பஸ்ஸைத் தேடுவார்கள். காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகக் கிழக்கே போகிற பஸ். பெரும்பாலும் இரண்டு பேராகத்தான் வருவார்கள். ஒருவருக்குப் பறவைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும். மற்றவர் நண்பர் கூப்பிட்டதற்காக வந்தவராக இருப்பார். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னும் சுலபம். புறநகர் ரயிலிலேயே சூளூர்பேட்டை வரை வந்துவிடலாம். இரு தரப்பினரும் போய்ச் சேருமிடம் ஒன்றுதான்: தொரவாரி சத்திரத்தை அடுத்த நேலப்பட்டு.

2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களை மாற்றி அமைத்தது. சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியையும் நெல்லூர் மாவட்டத்தின் தெற்குப் பகுதியையும் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் உருவானது. அதுவரை கடலே இல்லாத சித்தூரோடு இருந்த கோயில் நகரத்துக்கு ஒரே நாளில் கடற்கரை வந்தது. கூடவே ஓர் உப்பங்கழி, ஒரு ராக்கெட் தளம், இரண்டு பறவைச் சரணாலயங்கள். திருமலைக் காடுகளுக்கு 1989-லேயே தேசியப் பூங்கா என்ற பாதுகாப்பு கிடைத்துவிட்டது. பாறைச் சரிவுகளில் மட்டும் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடி அங்கே போகிறவர்கள் உண்டு. ஆனால் மாவட்டத்தின் உண்மையான பறவைக் கூட்டம் கீழே, வெயில் கொளுத்தும் கடலோரத்தில் இருக்கிறது.

நேலப்பட்டுச் சரணாலயம் பெரிய இடமல்ல. மொத்தப் பரப்பு 459 ஹெக்டேர், அதாவது ஐந்து சதுர கி.மீ.கூட இல்லை. 1976-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் உயிர்நாடி ஓர் ஏரி. வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்குக் காட்சி பழக்கப்பட்டதுதான். தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள், மரம் கொள்ளாமல் கூடுகள். மாதக்கணக்கில் இடுப்பளவு நீரில் நின்றாலும் இந்த மரம் அழுகாது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நரியும் காட்டுப்பூனையும் கூட்டை நெருங்க முடியாது. ஏரி நிரம்பினால்தான் பறவை கூடு கட்டும். நடுவில் வற்றிவிட்டால் குஞ்சுகளைக்கூட விட்டுவிட்டுப் போய்விடும். வடகிழக்குப் பருவமழை பெய்கிறதா, எவ்வளவு பெய்கிறது என்பதை இங்கே வானிலை ஆய்வு மையத்துக்கு அடுத்தபடியாகக் கவலையோடு பார்ப்பவை இந்தப் பறவைகள்தான்.

நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் இங்கே உண்டு. ஆனால் நேலப்பட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது கூழைக்கடா. அலகில் புள்ளிகளும் கழுத்தில் சாம்பல் நிறமும் கொண்ட இந்த இனம் உலகில் மிகச் சில இடங்களில்தான் குஞ்சு பொரிக்கிறது. தென்னிந்தியா, அஸ்ஸாம், இலங்கை, கம்போடியா என்று அந்தப் பட்டியல் சீக்கிரமே முடிந்துவிடும். தமிழில் அதன் குட்டையான, கனத்த உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அதற்குக் 'கூடபாத்து' என்று பெயர். பாத்து என்றால் வாத்து. கூட என்பது கிணறு இல்லாத இடத்தில் வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் கூடை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து வீசி இறைப்பது. தமிழ்நாட்டு விவசாயி இறைகூடை என்பான். அலகின் கீழே தொங்கும் பையால் அது தண்ணீரையும் மீனையும் சேர்த்து வாரி, தண்ணீரை வடியவிட்டு மீனை விழுங்குவதைப் பார்த்தவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

கூழைக்கடா மூன்று நான்கு முட்டைகள் இடும். ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க மூன்று முதல் ஐந்து மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் பெற்றோர் இரண்டும் மீன் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். இங்கேதான் ஒரு எளிய கணக்கு இடிக்கிறது. ஐந்து சதுர கி.மீ. கூட இல்லாத ஒரு சரணாலயத்தின் ஏரி, நூற்றுக்கணக்கான கூடுகளுக்கு மீன் தர முடியாது. மீன் எங்கிருந்து வருகிறது?

காலை ஒன்பது மணிக்கு மேல் நேலப்பட்டுக் கோபுரத்தில் நின்றால் பதில் கண்ணெதிரே தெரியும். நிலம் சூடேறத் தொடங்கியதும் வெப்பக்காற்று மேலே எழும். ஐந்து கிலோ எடையுள்ள கூழைக்கடா சிறகடித்துச் சிரமப்படாது. அந்தக் காற்றில் ஏறி, வட்டமிட்டு, பொட்டுபோலச் சிறுத்து, பிறகு ஒரே சாய்வாகத் தென்கிழக்கே சறுக்கிப் போகும். மனிதர்களை நிழல் தேட வைக்கும் அதே வெயில்தான் கூழைக்கடாவுக்குப் பஸ், ரயில் எல்லாம். அது போகிற இடம் பழவேற்காடு ஏரி.

ஆக, நேலப்பட்டு இந்தப் பறவைகளுக்குப் படுக்கையறை. சமையலறை பழவேற்காட்டில் இருக்கிறது. படுக்கையறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சமையலறைக் கதவைத் திறந்து போட்டால் குடித்தனம் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரத்திலேயே முன்னுதாரணம் உண்டு.

மலையாளத்தில் இந்துசூடன் என்ற புனைபெயரில் எழுதிப் புகழ்பெற்ற பறவையியலாளர் கே.கே. நீலகண்டன், 1946-ல் மேற்கு கோதாவரி மாவட்டத்தின் ஆரேடு கிராமத்தில் கூழைக்கடாக்களின் பெரும் குடியிருப்பு ஒன்றைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். பக்கத்திலேயே கொல்லேறு ஏரி. பல்லாயிரம் பறவைகள் தின்றாலும் தீராத மீன். 1970-களில் அந்த வட்டாரத்துக் குடியிருப்பு காலியானது. பின்னால் கொல்லேற்றின் உடலே மீன் பண்ணைக் குட்டைகளாக வெட்டப்பட்டது. வரப்புகளால் கூறு போடப்பட்ட ஏரியில் தண்ணீர் ஓட வழியில்லை. 1999-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அப்புறமும் கரைகள் நின்றன. கடைசியில் உச்சநீதிமன்றம் வரை விவகாரம் போய், 2006-ல் அரசு இயந்திரங்களைக் கொண்டுவந்து கரைகளை உடைக்க வேண்டியிருந்தது. இப்போது கொல்லேற்றின் ஆடபாகாவில் கூழைக்கடாக்கள் மீண்டும் கூடு கட்டுகின்றன. போனது திரும்பி வர ஒரு தலைமுறை பிடித்தது.

திரும்பி வராத கதையும் உண்டு. பர்மாவின் சிட்டாங் சமவெளியில் 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் பார்த்து மலைத்துப்போன கூழைக்கடாக் கூட்டம் அடுத்த நூற்றாண்டின் நடுவில் சுவடில்லாமல் மறைந்தது. கூழைக்கடா அழிந்துபோவதற்கு யாரும் துப்பாக்கி எடுக்க வேண்டியதில்லை. தண்ணீரின் கணக்கை மாற்றினால் போதும்.

பழவேற்காட்டின் தண்ணீர்க் கணக்கு நுணுக்கமானது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கி.மீ. நீளம். ஆனால் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளின் நல்ல தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. திருப்பதி மலையடிவாரத்தில் பெய்யும் மழையும் சுவர்ணமுகி வழியாகக் காளஹஸ்தியைத் தொட்டுக்கொண்டு இந்தக் கடலோரத்துக்குத்தான் வந்து சேருகிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல் தீவு வங்கக் கடலைத் தடுத்து நிற்கிறது. தீவின் ஓரத்தில் உள்ள முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் உள்ளே வந்துபோகிறது. மழைக்காலத்தில் ஏரியின் பல இடங்களில் உப்பே இருக்காது. கோடையில், முக்கியமாக வடபகுதியில், கடல் நீரைவிட உப்பு மிஞ்சிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பக்கம் பெரும்பாலும் வெடித்த சேறும் அதன்மேல் பூத்த உப்பும்தான்.

இந்த ஏற்ற இறக்கம்தான் ஏரியின் செல்வம். நல்ல தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் இடைநிலை நீரில் இறால் குஞ்சும், மடவையும், கொடுவாவும், நண்டும் வளர்கின்றன. சேற்றில் புழு பூச்சிகளும் பாசியும் கொழிக்கின்றன. அவற்றைத் தேடித்தான் பறவைகள். சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போகும் சாலையில் ஜனவரி மாதக் காலை ஒன்றில் நின்று பார்த்தால் போதும். சாலை மேற்கு கிழக்காகப் போவதால் இரு புறமும் தண்ணீர். வெயில் பக்கவாட்டில் விழும். கண் கூசாது. ஊசிவால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். கோணமூக்கு உள்ளான்கள் அலகை இடமும் வலமும் வீசி அரிக்கும். ஆலாக்கள் தலைகீழாகப் பாய்ந்து மீன் எடுக்கும். பிரம்மோற்சவத்தில் கருட சேவையைப் பார்க்க லட்சக்கணக்கானவர்கள் முண்டியடிக்கும் அதே மாவட்டத்தில், நிஜக் கருடன் கரையோரத்துப் பனைமரத்தில் உட்கார்ந்து நண்டு தின்றுகொண்டிருக்கும். பார்க்க ஆளிருக்காது.

புதிதாக வந்த நண்பர் முதலில் ஏமாறுவது பூநாரையில்தான். தூரத்தில் கானல் அலையும் பரப்பில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும்.

"அங்க பாருடா, உப்புப் பாத்தி."

"உப்பா? கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காம பாரு."

கோடு நகரும். ஓரத்தில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். பிறகு யாரோ ஒரு படகுக்காரர் கழியை ஓங்கி ஊன்ற, கோடு முழுவதும் எழுந்து செக்கச் செவேலென்று சிறகு விரிக்கும். அதற்கப்புறம் அந்த நண்பரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அடுத்த ஜனவரியில் அவரே கிளம்பிவிடுவார்.

பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரை உறிஞ்சி, ஓரத்துச் சல்லடையில் வடிகட்டி உண்ணும். அதன் சிவப்பு நிறம் பிறவியில் வந்ததல்ல. தின்னும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறமி சிறகில் ஏறுகிறது. குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் பிறக்கும். பெரிய பூநாரை இந்தியாவில் பெருமளவில் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். அங்கே 1940-களில் 'பூநாரை நகரத்தை'ப் போய்ப் பார்த்து எழுதியவர் சலீம் அலி. நாட்டின் மேற்குக் கோடியில் முட்டை, கிழக்குக் கரையில் சாப்பாடு. கூழைக்கடாவுக்குச் சமையலறை பக்கத்து ஊரில் என்றால் பூநாரைக்கு அடுத்த கடலில்.

தமிழனுக்கு நாரை புதிதல்ல. சத்திமுத்தப் புலவர் குளிரில் நடுங்கிக்கொண்டு மதுரையில் கிடந்தபோது, வானில் போன நாரையைத்தான் தன் மனைவியிடம் தூது போகச் சொன்னார். அந்தப் பறவை வலசை போவது என்பதும், ஜோடியாகப் பறந்தது என்பதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. சங்க இலக்கியப் பறவைகளை இன்றைய இனங்களோடு பொருத்திக் காட்ட பி.எல். சாமி தனி நூலே எழுதினார். தமிழ்நாட்டுப் பறவைகளின் வட்டாரப் பெயர்களைத் தேடித் தொகுத்தார் க. ரத்னம். பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பெயருக்குரிய பறவை நிற்கத் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியின் மையம் முகத்துவாரம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. கடலுக்குள் ஒரு சுவர் எழுப்பினால் அதன் தென்புறம் மணல் சேரும். வடபுறம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியதால் தெற்கே மெரீனா அகன்றதும் வடக்கே ராயபுரம் அரிபட்டதும் இப்படித்தான். பிறகு எண்ணூரில் 2001-ல் ஒரு துறைமுகம் வந்தது. காட்டுப்பள்ளியில் 2013-ல் இன்னொன்று. இரண்டுக்கும் வடக்கே இருப்பது பழவேற்காடு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் மீனவர்கள் தெருவுக்கு வருவது இந்தப் பயத்தால்தான். ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல் மெலிந்தால் ஆபத்து. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு வாய் அடைபட்டாலும் ஆபத்து. கோடையில் ஆற்று நீரின் வேகம் குறையும்போது அடைப்பு ஏற்படுகிறது. மழை வெள்ளம் வந்து உடைத்தால் திறக்கிறது. ஆறுகளின் மேற்பகுதியில் தேக்கும் தண்ணீர் கூடக் கூட, உடைத்துத் திறக்கும் வேகம் குறைகிறது.

வாய் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு வராது. மீன் வராது. இருக்கிற நீர் உப்பேறிக் காயும். அப்போது கூழைக்கடாவும் பட்டினி, வலைக்காரனும் பட்டினி. பறவையா மனிதனா என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் கவனிக்காத விஷயம் இது. இரண்டு பேருக்கும் ஒரே வாசல்.

ஏரியைப் பங்கிடும் கலையை மீனவர்கள் எப்போதோ கற்றுவிட்டார்கள். பழவேற்காட்டில் அதற்குப் 'பாடு' என்று பெயர். எந்த ஊர்க்காரர், எந்த நாளில், ஏரியின் எந்தத் துண்டில் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துத் தீர்மானிக்கும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். இந்த முறையில் எல்லாச் சமூகத்துக்கும் இடம் இல்லை என்ற மனக்குறை உண்டு. அதனால் சண்டைகளும் நடந்திருக்கின்றன. இருந்தாலும், ஒருவரே வாரிக்கொண்டு போய்விடக் கூடாது என்ற விதி அதில் இருக்கிறது. சரணாலயச் சட்டத்துக்கு இந்தப் பாடு கண்ணில் படுவதில்லை. சட்டத்தின் பார்வையில் வலையோடு உள்ளே வருகிறவர் அத்துமீறுகிறவர். தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைப்பவர்களின் உரிமையை எழுத்தில் தீர்த்து வைக்காமல் எல்லை மட்டும் போட்டால், பறவைக்குக் காவலாக இருக்க வேண்டியவரே பறவையின் எதிரியாக மாறுவார்.

அப்படி மாறாமல் பார்த்துக்கொண்ட ஊர்களும் இருக்கின்றன. ஆந்திரத்தின் வீராபுரத்திலும் உப்பலபாட்டிலும், கர்நாடகத்தின் கொக்கரெ பெள்ளூரிலும் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊராரின் ஆதரவில்தான் குஞ்சு பொரிக்கின்றன. சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் பயப்படுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை வேடந்தாங்கல் விவசாயி ஆங்கிலேயர் காலத்திலேயே கலெக்டரிடம் சொல்லி, 1798-ல் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார். லாபமும் அன்பும் சேர்ந்தே இருந்தன. சேர்ந்திருந்ததால்தான் நிலைத்தன.

பழவேற்காட்டின் விஷயத்தில் ஊர் மட்டும் போதாது. காரணம், ஏரியின் நடுவே ஒரு மாநில எல்லை ஓடுகிறது. தமிழின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் சொன்னது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது ம.பொ.சி. தலைமையில் அந்த எல்லைக்காகப் போராட்டம் நடந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. ஊர்களுக்கு ஒரு வழி பிறந்தது. ஏரி இரண்டாகவே கிடந்தது. நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. முக்கிய முகத்துவாரமோ தெற்கே, தமிழ்நாட்டுப் பழவேற்காட்டில் இருக்கிறது. ஆந்திரம் தன் பங்கை, ஏறக்குறைய 500 சதுர கி.மீ.யை, 1976-ல் சரணாலயமாக்கியது. தமிழ்நாடு தன் பங்கான 153 சதுர கி.மீ.யை 1980-ல் அறிவித்தது. ஒரே ஏரிக்கு இரண்டு சரணாலயங்கள், இரண்டு வனத்துறைகள், இரண்டு மீன்வளத்துறைகள். தமிழ்நாட்டு மீனவரும் ஆந்திர மீனவரும் எல்லை தாண்டியதாக ஒருவரையொருவர் மறித்துக்கொள்வது அவ்வப்போது செய்தியாகிறது. கோட்டை வரைபடத்தில் பார்க்கலாம். தண்ணீரில் தேடினால் கிடைக்காது.

இன்னொரு கோடு, கண்ணுக்கு நன்றாகவே தெரிவது, அந்த ஸ்ரீஹரிகோட்டா சாலை. 1969-ல் தீவு ராக்கெட் தளத்துக்குத் தேர்வானது. 1971 அக்டோபர் 9-ல் முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. தலைமுறைகளாகத் தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் வெளியேற்றப்பட்டு வேறு இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். வெளியார் நுழைய முடியாததால் தீவின் காடு பிழைத்தது என்பதும் உண்மை. 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்பியதும் இங்கிருந்துதான். ஏவுதலுக்கு முன் விஞ்ஞானிகள் சூளூர்பேட்டை செங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். ஆனால் அவர்கள் போகிற சாலை ஏரியின் வயிற்றில் போட்ட கரை. அடியில் உள்ள மதகுகள் வழியாகத்தான் வடக்கும் தெற்கும் தண்ணீர் பேசிக்கொள்ள வேண்டும். வடபகுதி சீக்கிரம் உப்பேறிக் காய்வதற்கு அதுவும் ஒரு காரணம். பறவை பார்க்கிறவர்களுக்குச் சௌகரியமான அதே சாலை பறவைக்கு அசௌகரியம். நிலவுக்குப் பாதை கண்டவர்களுக்கு அந்தக் கரையில் இன்னும் சில கண்கள் திறப்பது பெரிய காரியமல்ல.

சில்காவுக்கு 1981-லும், கொல்லேற்றுக்கும் கோடியக்கரைக்கும் 2002-லும், வேடந்தாங்கலுக்கு 2022-லும் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. 2024 வரை வெளியான பட்டியல்களில் நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழியின் பெயர் இல்லை. பாதி ஏரிக்கு மட்டும் விண்ணப்பம் போடுவதில் அர்த்தமில்லை. முழு ஏரிக்குப் போட இரண்டு மாநிலங்கள் கையெழுத்திட வேண்டும். அந்தஸ்து வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றல்ல. கொல்லேற்றில் அதைப் பார்த்தாயிற்று. முகத்துவாரத்தை எப்போது திறப்பது, மேல்பகுதி அணைகளிலிருந்து எவ்வளவு நீர் விடுவது, எந்த மாதம் எங்கே வலை போடலாம் என்பதை ஒரே மேஜையில் முடிவு செய்யும் ஏற்பாடுதான் முக்கியம். சூளூர்பேட்டையில் ஜனவரியில் பூநாரை விழா நடத்துகிறார்கள். சில ஆண்டுகள் நின்றுபோய் 2025-ல் மீண்டும் மூன்று நாள் நடந்தது. கூட்டம் வருவது நல்லது. ஆனால் விழாவுக்குப் பூநாரை வர வேண்டும் என்றால் ஏரிக்கு மிச்சமுள்ள 362 நாளும் தண்ணீர் வர வேண்டும்.

இதில் பைனாகுலரோடு வரும் அந்த இரண்டு நண்பர்களுக்கு என்ன வேலை? இருக்கிறது. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நாடுகள் முழுவதும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணுபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மாணவர்கள். முறை எளிது. கூட்டத்தில் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதிய வைத்து, அதைக் கொண்டு நூறு, ஆயிரம் என்று அளப்பது. ஒருவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்களைச் சொல்ல, மற்றவர் நோட்டில் கோடு போட வேண்டும். தனியாகப் போனால் கண்ணை எடுத்து எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் கூட்டம் கலைந்திருக்கும். தவிர, பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் எழுநூறை ஆயிரம் என்று அடித்துவிட முடியாது.

அந்த நோட்டில் விழும் கோடுகளுக்கு மதிப்பு உண்டு. துறைமுகமோ, சாலையோ, தொழிற்பேட்டையோ வரும்போது சுற்றுச்சூழல் அறிக்கையில் 'குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை' என்று ஒரு வரி எழுதுவது சுலபம். பத்து ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் அந்த வரியை நீதிமன்றத்திலோ பசுமைத் தீர்ப்பாயத்திலோ கேள்வி கேட்கலாம். கணக்கு இல்லாத இடத்தில் பறவை இருந்தும் இல்லாததுதான்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். நேலப்பட்டுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். பூநாரைக்கு டிசம்பர் கடைசியும் ஜனவரியும். விடியற்காலையில் ஏரிச் சாலை, ஒன்பது மணிக்கு மேல் நேலப்பட்டுக் கோபுரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்க்கலாம். பத்தரைக்கு மேல் கானல் எழுந்து தூரத்துப் பறவைகளின் கால்களை மறைத்துவிடும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம். கூட்டுக்கு அருகே போய்ப் படமெடுக்க ஆசைப்படக் கூடாது. வெயிலில் தாய்ப்பறவை எழுந்துவிட்டால் நிழல் இழந்த குஞ்சு சுருண்டுவிடும். தீவின் வாசலில் காவலர்கள் நிறுத்தினால் வாதாடாமல் திரும்பிவிடுவது நல்லது. கரையில் வலை உலர்த்துகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசினால், எந்த மூலையில் என்ன பறவை என்பது புத்தகத்தைவிடச் சரியாகத் தெரியவரும்.

இறைகூடையைப் பற்றிக் கிராமத்தில் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். ஒரு பக்கக் கயிற்றை இழுத்து, மறுபக்கத்தை விட்டுவிட்டால் கூடை கவிழும். தண்ணீர் வயலுக்குப் போகாது. பழவேற்காட்டின் ஒரு முனைக் கயிறு அமராவதியில் இருக்கிறது, மறுமுனை சென்னையில். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அசையும்வரை நேலப்பட்டுக் கூடுகளில் வாயைத் திறந்து காத்திருக்கும் குஞ்சுகளுக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.